ஆக்சிகுளோசனைடு, லெவாமிசோல் கலந்த பூச்சி மருந்து: ஐந்துக்கு மூன்றரை

மன்னார்குடி பக்கம், பாமணியாற்றுப் பாசனம். இரண்டு கறவை. சம்பா அறுத்ததும் வயலிலும் வாய்க்கால் கரையிலும் மேய விட்டதுதான், வைகாசியில் செவலைக்குத் தாடைக்குக் கீழே பை மாதிரி நீர் கோத்துத் தொங்கியது, பாலும் பாதியாகிவிட்டது. மருந்துக் கடையில், எல்லாப் புழுவும் போய்விடும் என்று ஃபென்பெண்டசோல் மாத்திரை கொடுத்தார்கள். போட்டேன். வீக்கம் அப்படியே இருந்தது.

அப்புறம்தான் சாணியை டப்பாவில் அள்ளிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். (முதலிலேயே போயிருக்கணும்.) டாக்டரம்மா பார்த்துவிட்டு, கல்லீரல் தட்டைப்புழு, அந்த மாத்திரைக்கு இது அசையாது என்றார். இது மாட்டிலிருந்து மாட்டுக்கு நேராகத் தொற்றாதாம். சாணியோடு விழுந்த முட்டை தண்ணீரில் பொரித்து, லிம்னியா என்ற சின்ன நத்தைக்குள் புகுந்து, ஒன்று பலவாகப் பெருகி வெளியே வந்து புல்லில் ஒட்டிக்கொள்ளும், அதை மாடு மேயும். நாம் குழம்பு வைக்கிற பெரிய நத்தை இல்லை, அதற்கு வாயில் மூடி உண்டு. இதற்கு மூடி கிடையாது, விரல் நகம் அளவு, மெல்லிய பழுப்பு ஓடு. மதகடியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

சரி, மருந்து. நெஞ்சுச் சுற்றளவை நாடாவில் அளந்து எடை கணக்குப் போட்டு அளவு எழுதிக் கொடுத்தார். நாக்கைப் பிடித்து இழுக்காமல் மெதுவாக ஊற்ற வேண்டும், புரையேறினால் நுரையீரலுக்குப் போய்விடும். இரண்டு நாள் சாணி தண்ணியாகப் போனதில் பயந்துவிட்டேன், மூன்றாம் நாள் சரியானது. மூன்று வாரத்தில் தாடை வற்றியது.

ஒன்றரை ஏன் குறைத்தேன் என்றால், இது வளர்ந்த புழுவைத்தான் கொல்லும். ஈரலைத் துளைத்துக்கொண்டு போகிற குஞ்சுப் புழு தப்பிவிடும், இரண்டு மாதம் கழித்து மறுபடி செலவு. அட்டையில் எழுத்து எறும்பு அளவு, எத்தனை நாள் பாலை விற்கக்கூடாது என்பதை டாக்டரம்மாதான் பேனாவால் பெரிதாக எழுதித் தந்தார்.

நத்தைக்கு இந்த பாட்டிலில் ஒன்றும் இல்லை. அறுப்பு முடிந்ததும் வயலில் வாத்து மேய்க்க வருகிறவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், செவலையை மதகுப் பக்கம் அவிழ்ப்பதில்லை.