"ஆர்மி பாக்ஸுங்க, ஓடவே இல்லைங்க": பழைய கியர் பாக்ஸ் வாங்கி நான் ஏமாந்த கதை

எங்கள் வீட்டுக் கார் ஷெட்டின் மூலையில் ஒரு கியர் பாக்ஸ் கிடக்கிறது. அதன் வெள்ளிப் பெயின்ட் பாதி உரிந்துவிட்டது. பாய் பறக்காமல் இருக்க அம்மா அதைப் பாரமாக வைத்திருக்கிறார். விலை 32,000 ரூபாய். பில் இல்லை.

மாருதியின் பழைய ஜீப் வகை வண்டியான ஜிப்ஸியில் கை வைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கும் பாதி பொருந்தும்.

என்னிடம் இருப்பது ஜிப்ஸியின் பழைய மாடலான எம்ஜி 410. 970 சிசி இன்ஜின், நாலு கியர். காட்டுப்பாதையில் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறும். நெடுஞ்சாலையில் 70-ஐத் தாண்டினால் கத்தும், பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடியாது. 1996-இல் வந்த ஜிப்ஸி கிங்கில் 1.3 இன்ஜினும் ஐந்து கியரும் உண்டு. அந்த ஜோடியை என் வண்டியில் ஏற்றுவதுதான் திட்டம். இன்ஜின் நல்லதாகக் கிடைத்துவிட்டது. (இன்ஜின் மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் காட்டி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அதற்கு நான் நடந்த நடை தனிக்கதை.) மிச்சம் இருந்தது கிங் பாக்ஸ் மட்டும்.

ஜிப்ஸி உற்பத்தியே நின்றுபோனதால் நல்ல பாக்ஸுக்கு அலைச்சல்தான். கோவைப் பக்கம் ஒரு பழைய சாமான் வியாபாரி போட்டோ அனுப்பினார். வெள்ளியில் தகதகவென்று பெயின்ட். கேட்கும் முன்பே வசனம் வந்தது: "ஆர்மி பாக்ஸுங்க, ஓடவே இல்லைங்க. ஏலத்துல எடுத்தது. நாப்பதாயிரம் கிலோமீட்டர்தான்."

இந்த இடத்தில் நான் யோசித்திருக்க வேண்டும். ராணுவம் ஜிப்ஸிகளை ஏராளமாக வாங்கியதும், பிறகு ஏலத்தில் விட்டதும் உண்மை. ஆனால் ஜிப்ஸியில் ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர் பாக்ஸிலிருந்து வருவதே இல்லை. முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்க, தனியாக உட்கார்ந்திருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருகிறது. தரையில் கிடக்கும் பாக்ஸ் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கடவுளுக்குத்தான் தெரியும். நாப்பதாயிரம் என்றதும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது மாலை ஆறரை. கடைக்குள் ஒரே ஒரு டியூப் லைட். அவரே லீவரைப் போட்டுக் காட்டினார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ரிவர்ஸ், எல்லாம் வெண்ணெய் மாதிரி விழுந்தது. இன்ஜின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இன்புட் ஷாஃப்டைக் கையால் சுற்றினேன், சத்தமே இல்லை. ஆயிலை வடிக்கும் ட்ரெயின் நட்டைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "புது ஆயில் ஊத்திருக்கோம் சார், வேஸ்ட் ஆகிடும்" என்றார். சரி, பாவம், ஒன்றேகால் லிட்டர் ஆயில் வீணாகுமே என்று நானும் விட்டுவிட்டேன். 32,000 ரூபாய்ப் பொருளை வாங்கப் போனவன் ஆயிலுக்கு இரக்கப்பட்டேன்.

கியாரண்டி கேட்டேன். பதினைந்து நாள், ஆனால் வண்டியில் ஏற்றிவிட்டால் திரும்ப எடுக்கமாட்டார்களாம். ஏற்றாமல் எப்படி ஓட்டிப் பார்ப்பது என்று கேட்க எனக்கு அன்று வாய் வரவில்லை.

பொள்ளாச்சியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் பாக்ஸை ஏற்றிக் கொடுத்தார். கூலி 6,000. ஏற்றும்போதே அவர் முகம் சரியில்லை. "பெயின்ட் ரொம்ப இருக்கு தம்பி" என்று மட்டும் சொன்னார்.

உடுமலை ரோட்டில் முதல் ஓட்டம். ஆயில் சூடாகும்வரை, ஒரு பதினைந்து நிமிடம், எந்தக் குறையும் இல்லை. பிறகு மெல்ல ஊளைச் சத்தம் தொடங்கியது. முதல் கியரில், இரண்டில், மூன்றில், ஐந்தில் ஊளை. நான்கில் மட்டும் கப்சிப். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினால் கரகரவென்று பல் அரைத்தது. ஐந்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், லீவர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்து நின்றது.

போனிலேயே அண்ணன் நோயைச் சொல்லிவிட்டார். நான்காவது கியர் நேர் கியர். இன்புட் ஷாஃப்டும் மெயின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சுற்றும், கீழே இருக்கும் கவுண்டர் ஷாஃப்டுக்குச் சுமை கிடையாது. மற்ற எல்லா கியரிலும் சுமை அதன் வழியாகத்தான் போகும். நான்கைத் தவிர எல்லாவற்றிலும் ஊளை என்றால் கவுண்டர் ஷாஃப்ட் பேரிங் போயிற்று என்று அர்த்தம். வேறொன்றும் சொன்னார். நியூட்ரலில் நிற்கும்போது வரும் சத்தம் கிளட்சை மிதித்ததும் நின்றால் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைப் பார்க்க வேண்டுமாம்.

மறுபடி இறக்கினோம். ட்ரெயின் நட்டைக் கழற்றியதும் ஆயில் ஒழுகவில்லை. வெல்லப்பாகு மாதிரி, விழலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து விழுந்தது. கியர் ஆயிலோடு கிரீஸைக் கலந்து அடைத்திருக்கிறார்கள். தேய்ந்த பேரிங்கின் சத்தத்தை அது குளிரில் அமுக்கும், சூட்டில் இளகிவிடும். கடையில் கையால் சுற்றியபோது சத்தமே வராத ரகசியம் அதுதான். தட்டில் ஒரு காந்தத்தை விட்டு எடுத்தேன், இரும்புத்தூள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. காந்தத்தில் ஒட்டாமல் தட்டின் அடியில் பொன்பொடி போல மினுமினுத்தது பித்தளை. அது, கியர் அரைக்காமல் விழ உதவும் சின்க்ரோ ரிங்கின் தேய்மானம். பிரித்துப் பார்த்தபோது கவுண்டர் ஷாஃப்ட் பேரிங்கின் கூடு உடைந்து மூன்று துண்டாகக் கிடந்தது.

தின்னரால் பெயின்டைத் துடைத்தார் அண்ணன். கிளட்சை மூடும் பெல் ஹவுசிங்கில், போல்ட் போடும் இடது காதில் விரல் நீளத்துக்கு வெல்டிங். உடைந்த அலுமினியக் காதை ஒட்டவைத்து, எம்சீல் பூசி, தேய்த்து, மேலே வெள்ளி அடித்திருக்கிறார்கள். கைவேலை சுத்தம், அதைக் குறை சொல்லமாட்டேன்.

வியாபாரிக்குப் போன் போட்டேன். முதல் முறை "நீங்க ஓட்டினது சரியில்லைங்க" என்றார். இரண்டாவது முறை "ஏத்திட்டீங்கள்ல" என்றார். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. கையில் பில் இருந்திருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் புகாராவது கொடுத்திருப்பேன். "பில்லு போட்டா வரி சேரும் சார்" என்ற ஒரே வார்த்தைக்கு அதையும் விட்டுக்கொடுத்திருந்தேன். இந்த விஷயத்தில் அவர்மேல் இருக்கும் கோபத்தைவிட என்மேல்தான் அதிகம்.

இரண்டாவது பாக்ஸைத் தேடிப் போனது இரண்டு மாதம் கழித்து, காலை பத்து மணி வெயிலில். கையில் ஒரு தட்டு, டார்ச், காந்தம், சாக்பீஸ், என் வண்டியின் பழைய கிளட்ச் பிளேட். கிளட்ச் பிளேட் எதற்கு என்றால், அது இன்புட் ஷாஃப்டின் ஸ்ப்லைனில் (நீளவாக்கில் இருக்கும் பல் வரிகளில்) தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் அளவு சரி என்று தெரியும். அதையே கைப்பிடியாகப் பிடித்துச் சுற்றவும் செய்யலாம். முதல் வேலையாக ஆயிலை முழுக்க வடித்தேன். கறுப்பாக, தண்ணியாக, நாற்றத்தோடு வந்தது. அந்த நாற்றம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் அது யாரும் தொடாத பழைய ஆயில். காந்தத்தில் மெல்லிய சேறு மட்டும் ஒட்டியது. அது வயசுக்கு உரியது. துண்டு, பொடி எதுவும் இல்லை.

ஆயில் இல்லாத பாக்ஸைச் சுற்றினால் பேரிங் பொய் சொல்லாது. இன்புட் ஷாஃப்ட் லேசாக ஆடியது. அதன் முனையை இன்ஜின் பக்கத்துப் பைலட் பேரிங்தான் தாங்கிப் பிடிக்கும், தனியாகக் கிடக்கும்போது கொஞ்சம் ஆடத்தான் செய்யும். மணலை அரைப்பது போல் கையில் பட்டால்தான் பயப்பட வேண்டும். சக்தி வெளியே போகும் பின்பக்க ஃப்ளேஞ்சைப் பிடித்து ஆட்டினேன், கெட்டியாக இருந்தது. இரு முனையிலும் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினேன். நான்கில் முன்னால் ஒரு சுற்று, பின்னாலும் சரியாக ஒன்று. ஐந்தில் முன்னால் நாலு, பின்னால் ஐந்து. கிங் பாக்ஸின் ஐந்தாவது கியர் விகிதம் 0.795, கணக்கு ஒத்துப்போகிறது. சின்க்ரோ எப்படி இருக்கிறது என்பது இந்தக் கைச் சுற்றில் தெரியாது. தட்டில் பித்தளை மினுமினுப்பு இருக்கிறதா என்று வெயிலில் சாய்த்துப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த வழி.

அந்தக் கடைக்காரர் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். விலை 38,000, ஒரு ரூபாய் குறைக்கவில்லை. கேட்டதும் பில் எழுதிக் கொடுத்தார். பெயின்ட் கிடையாது, மேலெல்லாம் மண்ணும் ஆயிலும் அப்பியிருந்தது. வீட்டுக்கு வந்து டீசல் ஊற்றிக் கழுவி, புது ஆயில் சீலும் புது ஆயிலும் போட்டு ஏற்றினோம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. இரண்டிலும் மூன்றிலுமாக மாற்றி மாற்றி ஏறினேன், ஒரு இடத்தில்கூட அரைக்கவில்லை.

போன வாரம் நண்பர் ஒருவர் ஒரு போட்டோ அனுப்பி, வாங்கலாமா என்று கேட்டார். அதே கடைத் தரை, அதே வெள்ளிப் பெயின்ட். வீடியோ காலில் ட்ரெயின் நட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள் என்றேன். பத்து நிமிடத்தில் அவருக்கு வந்த பதிலை அப்படியே எனக்கு அனுப்பினார்:

"புது ஆயில் ஊத்திருக்கோம் சார், வேஸ்ட் ஆகிடும்."