பாளையங்கோட்டையில் பிள்ளைக்குக் கேப்பை மாவு திரிக்க ஒரு மில்

மகளுக்கு ஆறு மாதம் முடிந்த வாரமே மனைவியின் 26 வாரப் பிரசவ விடுப்பும் முடிந்தது. கேப்பை, அதாவது கேழ்வரகுக் கூழ் ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மாவுக்கு ஏற்பாடு செய்வது என் வேலை என்று வீட்டில் முடிவானது.

முதலில் சோம்பேறித்தனமாகக் கடையில் ஒரு பாக்கெட் வாங்கினேன். முன்பக்கம் 'பாட்டி கைப்பக்குவம்' என்று இருந்தது. பின்பக்கம் திருப்பினால் கேழ்வரகுக்கு அடுத்த பெயரே நாட்டுச் சர்க்கரை. அந்தப் பட்டியல் எடை அதிகமானதில் தொடங்கி இறங்கு வரிசையில் இருக்கவேண்டும் என்பது விதி. ஒரு வயது வரை உப்பும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். பாக்கெட்டை நானே பாலில் கலக்கிக் குடித்துத் தீர்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் நாகர்கோவிலிலிருந்து அத்தை வந்தார்கள். ஒரு கிலோ கேப்பையைக் கல், மண் போக அரித்து, ராத்திரி ஊறவைத்து, என் பழைய வேட்டியில் கட்டித் தொங்கவிட்டார்கள். மறுநாள் சாயங்காலம் மூட்டையைப் பிரித்தால் வெள்ளை வெள்ளையாக முளை. அதை ஃபேன் காற்றில் இரண்டு நாள் உலர்த்தி, கையால் கசக்கி, சொளகில் புடைத்து, இரும்புச் சட்டியில் கை பொறுக்கிற சூட்டில் லேசாக வறுத்தார்கள். சிவக்க வறுக்கக் கூடாதாம். காரணம் நான் படித்துத் தெரிந்துகொண்டது: முளைக்கும்போது தானியத்தில் அமைலேஸ் என்ற நொதி கூடுகிறது. கூழ் சூடேறும்போது அது மாவுச்சத்தை உடைத்து இளக்கிவிடும். சாதா மாவு ஒரு ஸ்பூன் போட்டாலே களி மாதிரி இறுகும் இடத்தில், முளைகட்டிய மாவு இரண்டு ஸ்பூன் போட்டாலும் கூழ் ஓடும். சின்ன வயிற்றுக்குள் கூடுதல் மாவு போகும். சட்டியிலேயே கருக விட்டால் நொதி செத்துவிடும்.

திரிக்க அவசரத்தில் வேறொரு மில்லுக்குப் போனதுதான் தப்பு. முன்னால் நின்றவர் மல்லியும் மிளகாயும் திரித்துக்கொண்டு போனதைப் பார்த்தும் நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் கூழை ஒரு வாய் ருசி பார்த்ததும் தொண்டையில் காந்தல். நாலு நாள் வேலை போச்சு. அத்தை ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது தடவை எங்கள் தெரு முனை அண்ணாச்சி மில். அரிசிக்கு ஒன்று, கோதுமைக்கு ஒன்று, மசாலாவுக்குத் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்று என்று மூன்று மெஷின். விஷயத்தைச் சொன்னேன். "தம்பி, பிள்ளைக்குன்னா காலையில ஏழரைக்கே வந்துரணும். பெல்ட் ஓட ஆரம்பிச்ச பொறவு மிளகாத் தூசி எங்க போயி ஒக்காரும்னு நமக்கே தெரியாது" என்றார். போனேன். நம் கேப்பையிலேயே ஒரு கை எடுத்து முதலில் ஓட்டி, அந்த மாவைத் தனியே தட்டில் எடுத்து வைத்தார். "இது ஒங்களுக்குத் தோசைக்கு." மீதியை இரண்டு ஓட்டு நைசாக விட்டார். கூலி 20 ரூபாய்.

குறை இல்லாமல் இல்லை. ஒரு கிலோவுக்குக் குறைந்தால் தொடமாட்டார், மெஷினிலேயே பாதி தங்கிவிடும் என்கிறார். நியாயம்தான், ஆனால் பிள்ளைக்கு ஒரு கிலோ என்பது அதிகம். எதிர்வீட்டு அக்காவோடு பங்கு போட்டுக்கொண்டோம். பணம் அனுப்ப ஸ்கேன் அட்டை ஒட்டியிருக்கிறது, பணம் வந்ததா என்று பார்க்கிற ஃபோன் மட்டும் அண்ணாச்சி மகனோடு வெளியே சுற்றும். சில்லறை கொண்டு போங்கள். மாவு சுடச்சுட வரும். அப்படியே டப்பாவில் அடைத்தால் வியர்த்துச் சிக்கு வாடை அடிக்கும். பேப்பரில் பரப்பி நன்றாக ஆறவிட்டு, மல் துணியில் சலித்து வையுங்கள். துணியில் நிற்கிற தவிட்டைப் பார்த்தால் சலிக்காமல் கொடுக்க மனசு வராது.

சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் 22 சாமான் போட்ட சத்துமாவுப் பட்டியல் அனுப்புகிறார்கள். முந்திரி, பாதாம், கோதுமை, சோயா எல்லாம் ஒரே நாளில் போனால், உடம்பில் தடிப்பு வந்தபின் எதைக் குற்றம் சொல்வது? நாங்கள் கேப்பை மட்டும் கொடுத்து நாலு நாள் பார்த்தோம், பிறகுதான் பாசிப்பருப்பு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் கேப்பையில் 364 மில்லிகிராம் கால்சியம். ஒற்றைத் தானியத்துக்கு அது போதாதா?

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அரை அந்த ஃபோனுக்காகப் போகிறது. அத்தை இப்போது ஏத்தங்காயை (நேந்திரங்காய்) சீவி மொட்டைமாடியில் காயப்போட்டிருக்கிறார்கள். அதைத் திரித்துத் தருவாரா என்று சனிக்கிழமை ஏழரைக்குப் போய்க் கேட்கவேண்டும்.