ஆறு ஆண்டுகளாக 'குரோ' முறையில் ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி அளித்த அனுபவம்

கோவையில் பம்ப் ஷாஃப்டுகளை (பம்பின் சுழல்தண்டுகளை) கடையும் ஒரு பட்டறையில் சிஎன்சி (கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் இயந்திரங்கள்) பிரிவின் மேற்பார்வையாளராக இருக்கிறேன். என் பிரிவில் உள்ளவர்களின் வேலைத்திறனை வளர்க்க, 2019 முதல் 'குரோ' (GROW) என்னும் கேள்விமுறையைப் பயன்படுத்தி வருகிறேன். 1980-களில் இங்கிலாந்தில் ஜான் விட்மோரும் அவருடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய முறை இது. இலக்கு என்ன, இப்போதைய நிலவரம் என்ன, என்னென்ன வழிகள் உள்ளன, எதைச் செய்யப் போகிறீர்கள் என்ற வரிசையில் கேட்க வேண்டும். விடையை எதிரில் இருப்பவரே கண்டடைய வேண்டும்.

நான்கில் எனக்கு மிகவும் கைகொடுத்தது நிலவரத்தைக் கேட்கும் படிதான். இரவு ஷிஃப்டில் இருந்த ஓர் இளைஞர் கடைந்த ஷாஃப்டுகள் அளவு குறைவு என்று ஆய்வுப் பிரிவிலிருந்து அடிக்கடி திரும்பி வந்தன. விட்டத்தை நுட்பமாக அளக்கும் கருவியான மைக்ரோமீட்டர் சரியாகத்தான் காட்டியது என்று அவர் சாதித்தார். கவனக்குறைவு என்று மற்றவர்கள் முடிவுகட்டியிருந்தார்கள். காரணத்தை நான் ஓரளவு ஊகித்திருந்தும் சொல்லாமல், கடைந்து முடித்தது முதல் ஆய்வு மேசை வரை நடப்பதை வரிசையாகச் சொல்லும்படி கேட்டேன். "இறக்கிய கையோடு அளந்துவிடுவேன், சார்" என்றவர் அங்கேயே நிறுத்தினார். சிறிது நேரம் கழித்து, "சூடாக இருக்கும்போதே அளக்கிறேன், இல்லையா?" என்றார். 50 மி.மீ. விட்டமுள்ள எஃகு ஷாஃப்ட், வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறத்தாழ 12 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) பருத்துவிடும். ஆறியதும் அவ்வளவும் குறையும். ஆறவைத்து அளப்பதென்று அவரே முடிவு செய்தார். அத்தோடு நில்லாமல், இவ்வளவு சூடு ஏன் ஏறுகிறது என்று தேடி, சூட்டைத் தணிக்கப் பாய்ச்சும் கூலன்ட் திரவக் குழாயின் முனை விலகியிருந்ததையும் கண்டுபிடித்தார். அது எனக்கே தெரியாது. நான் விடையைச் சொல்லியிருந்தால் பாதியைத்தான் சொல்லியிருப்பேன்.

முதல் ஓராண்டு நான் செய்த பெரிய தவறு, கட்டளையைக் கேள்வியாக மாற்றிக் கேட்டது. ஆஃப்செட் என்பது வெட்டுக்கருவியின் நிலையைச் சரிசெய்ய இயந்திரத்தில் பதியும் திருத்த அளவு. "ஆஃப்செட்டைத் திருத்திப் பார்க்கலாமா?" என்று மேற்பார்வையாளர் கேட்டால், அதை யாரும் கேள்வியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கேட்டுவிட்டு வாய்மூடி இருக்கப் பழகத்தான் எனக்கு அதிக காலம் பிடித்தது.

ஐடிஐ முடித்த கையோடு வருபவர்களுக்கு இந்த முறை பொருந்தாது. ஆஃப்செட் என்றால் என்னவென்றே அறியாதவரிடம் வழிகளைக் கேட்பது அவரை வதைப்பதாகும். அவருக்கு முதலில் செய்து காட்டிக் கற்றுக்கொடுக்க வேண்டும். பாதுகாப்பு சார்ந்த இடத்திலும் கேள்விக்கு வேலையில்லை, நிறுத்தச் சொல்லி இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். கடைசிப் படியில் "முயற்சி செய்கிறேன்" என்ற பதிலை இப்போதெல்லாம் நான் ஏற்பதில்லை. எந்த நாள், எந்த ஷிஃப்ட் என்று அவர் கையாலேயே எழுதச் சொல்கிறேன்.

ஊதிய உயர்வுக்குப் பரிந்துரைப்பவரும் நானே என்பதால், தம் பிழையை என்னிடம் மனம்விட்டுச் சொல்லப் பலர் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. ஆகவே 2022 முதல் இந்த உரையாடல்களின் குறிப்புகளை அவரவரிடமே கொடுத்துவிடுகிறேன். நான் நகல் வைத்துக்கொள்வதில்லை.