பேரியம் ஃபாலோ-த்ரூவில் மெட்டோகுளோப்ரமைடு: தேறுமா?

சிறுகுடல் படம் எடுக்கும் ஃபாலோ-த்ரூ பரிசோதனைக்காகப் பேரியம் (எக்ஸ்-ரேயில் குடலை வெள்ளையாகக் காட்டும் திரவம்) குடித்தவர் மணிக்கணக்கில் காத்திருந்தால், எல்லோரும் குடலைத்தான் குறை சொல்வார்கள். பல சமயம் குற்றவாளி இரைப்பைதான். பேரியத்தை அது கீழே விடுவதே இல்லை. இரைப்பையை வேகமாகக் காலியாக்கும் மருந்தான மெட்டோகுளோப்ரமைடு சரியாக அந்த இடத்தில் கைகொடுக்கிறது. இரைப்பையின் கீழ்ப்பகுதி வலுவாகச் சுருங்குகிறது, பைலோரஸ் (இரைப்பையின் வாசல்) தளர்கிறது, சிறுகுடலின் முதலிரு பகுதிகளான டியோடினமும் ஜெஜுனமும் வேகமாக அசைகின்றன. பெருங்குடலில் மட்டும் இதன் பாச்சா பலிக்காது.

பெரியவர்களுக்கு வாய்வழியாக 20 மி.கி., அல்லது ரத்தக்குழாய் ஊசியாக 10 மி.கி. ஊசி 1 முதல் 3 நிமிடத்தில் வேலையைத் தொடங்கும். மாத்திரைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். பேரியத்தோடு சேர்த்து மாத்திரையைக் கொடுத்துவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்பது நியாயமில்லை. ஊசியை 3 நிமிடத்துக்குக் குறையாமல், மெதுவாகச் செலுத்த வேண்டும். அவசரப்பட்டால் நோயாளிக்குத் திடீரென இனம்புரியாத பதற்றம் வரும், மேசையில் படுக்கவே மாட்டார். இளவயதினருக்குக் கழுத்தும் கண்ணும் இழுத்துக்கொள்ளும் டிஸ்டோனியாவும் வரலாம். அதைத் தணிக்கும் டைஃபென்ஹைட்ரமின் ஊசி பக்கத்தில் இருக்கட்டும்.

இதே அமர்வில் இரைப்பைப் படத்துக்காக பஸ்கோபான் (குடல் அசைவை நிறுத்தும் மருந்து) போட்டிருந்தால் இந்த மருந்து வீண். ஒன்று குடலை அடக்கும், மற்றது தட்டி எழுப்பும். மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலி மருந்துகளும் குடலை அடக்குபவைதான். குடல் அடைப்பு, துளை, ரத்தக்கசிவு, ஃபியோகுரோமோசைட்டோமா (அட்ரினல் சுரப்பிக் கட்டி), பார்க்கின்சன், வலிப்பு நோய் உள்ளவர்களுக்குக் கூடவே கூடாது. சிறுநீரகம் பழுதானவருக்கு அளவைக் குறைக்க வேண்டும்.

குறை என்னவென்றால், வேகம் கூடுவதால் படம் தெளிவாகிவிடாது. பழக்கதோஷத்தில் அரை மணிக்கு ஒரு படம் என்று எடுத்தால், இலியத்தின் (சிறுகுடலின் இறுதிப் பாகம்) கடைசிப் பகுதியைத் தாண்டிப் பேரியம் பெருங்குடலின் தொடக்கமான சீக்கத்தை நிறைத்திருக்கும். குடல் வளைவுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். முதல் ஒரு மணி நேரம் 20 நிமிட இடைவெளியைத் தாண்டாதீர்கள், ஃப்ளூரோஸ்கோபியில் (நேரடி எக்ஸ்-ரே காட்சியில்) வயிற்றை அழுத்திப் பாருங்கள். மருந்து கொடுத்ததை அறிக்கையில் எழுதாவிட்டால், அதைப் படிப்பவர் பேரியம் குடலைக் கடந்த நேரத்தைக் குடலின் இயல்பான வேகம் என்று எடுத்துக்கொள்வார்.

மருந்துக்கு முன் நோயாளியை வலப்பக்கமாகப் படுக்க வைத்துப் பார்க்கலாம், செலவே இல்லை. பேரியத்தில் 10 மி.லி. காஸ்ட்ரோகிராஃபின் (நீரில் கரையும் எக்ஸ்-ரே திரவம்) கலப்பதும் நல்ல மாற்று. பேதியாகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இரைப்பை தாராளமாகக் காலியாகிறவருக்கு இந்த ஊசியே தேவையில்லை.