நீல அட்டைக்காரருக்கு விக்டோரியா தரும் வைத்தியம்: ஒரு மதிப்பீடு

மெல்பேர்னில் அகதி அந்தஸ்துக் கோரிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர். கையில் இருப்பது மெடிகெயார் என்ற அரசு மருத்துவக் காப்புறுதியின் நீல நிற இடைக்கால அட்டை. சலரோகமும் (நீரிழிவு) பிரஷரும் இருக்கிறது, இரவில் நித்திரை இல்லை, முதுகில் போரில் பட்ட பழைய செல் (எறிகணை) துண்டு. இப்படி ஒருவர் முதலில் போகவேண்டிய கதவு தெருமுனையில் இருக்கும் ஜீபி (குடும்ப வைத்தியர்) கிளினிக் அல்ல. அவர் வாழும் பகுதியின் சமூக சுகாதார நிலையத்தில் இருக்கும் அகதிகள் சுகாதாரத் தாதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2005-இல் விக்டோரியா அரசு தொடங்கிய இந்தத் திட்டம், அகதிகள் கூடுதலாகக் குடியேறும் பகுதிகளின் சமூக சுகாதார நிலையங்களில் தாதிமாரை அமர்த்தியது. தென்கிழக்கில் டண்டினோங்கில் மொனாஷ் ஹெல்த் நடத்தும் அகதிகள் சுகாதாரச் சேவையில் தாதி, ஜீபி, தொற்றுநோய் நிபுணர், மனநல வைத்தியர் எல்லோரும் ஒரே குழுவாக வேலை செய்கிறார்கள். நம்மவர்கள், இலங்கைத் தமிழர், நெருக்கமாக வாழும் பகுதியும் அதுதான்.

தாதி ஏன் முக்கியம்? சாதாரண கிளினிக்கில் ஒரு ஜீபிக்குக் கிடைப்பது கால் மணி நேரம். மொழிபெயர்ப்பாளரை லைனில் எடுக்கவே அதில் ஐந்து நிமிடம் போய்விடும். தாதியுடன் நடக்கும் முதல் சந்திப்பு பெரும்பாலும் ஒரு மணி நேரத்தைத் தொடும். என்ன வருத்தம், எந்தக் குளிசை, வீட்டில் எத்தனை பேர், வாடகை யார் கட்டுகிறார்கள், விசா எப்போது முடிகிறது என்று எல்லாம் ஒரே இருக்கையில் எழுதப்படும். பிறகு வரும் வைத்தியர்களிடம் அதே கதையை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லவேண்டியதில்லை. தடுப்பு முகாமிலோ சிறையிலோ இருந்து வந்தவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

போகும்போது கொண்டுபோக வேண்டியவை: விசாக் கடிதம், இமிகார்ட் (குடிவரவுத் திணைக்களம் தரும் அடையாள அட்டை), மெடிகெயார் அட்டை (காலாவதியானதாக இருந்தாலும்), பிள்ளைகளின் தடுப்பூசிப் புத்தகம், வீட்டில் இருக்கும் எல்லா மருந்தும் ஒரு பையில். ஊரிலிருந்து யாரோ அனுப்பிய குளிசை, சித்த மருந்துச் சூரணம் எல்லாமே அந்தப் பைக்குள் வரவேண்டும். வெட்கப்பட்டு விட்டுவிட்டால் பிறகு இரத்தப் பரிசோதனை முடிவு புரியாமல் எல்லோரும் முழிப்பார்கள். நவுருத் தீவிலோ ஆஸ்திரேலியாவின் வேறு தடுப்பு முகாமிலோ இருந்தவர் பழைய மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்கும் சம்மதப் படிவத்தில் முதல் நாளே கையொப்பம் போட்டுவிடுவது நல்லது. பதிவு வந்து சேர நாளாகும்.

இந்தச் சேவையின் முதுகெலும்பு மொழிபெயர்ப்பு. 131 450 என்ற டிஐஎஸ் (அரசின் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை) இலக்கம் 24 மணி நேரமும் இயங்குகிறது, டொக்டர்மாருக்கு முன்னுரிமை லைன் தனியாக உண்டு, நோயாளி ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. ஆனால் 'தமிழ்' என்று கேட்டால் வரும் தமிழ் எந்த ஊர்த் தமிழ் என்பது அதிர்ஷ்டம். யாழ்ப்பாணத்து ஆள் 'எனக்கு வருத்தம்' என்றால் நோய் என்று பொருள். தமிழ்நாட்டுக் காதுக்கு அது கவலை. சலரோகக்காரர் 'சலம் கூடப் போகுது' என்று சிறுநீரைச் சொல்வார்; சலம் என்றால் சீழ் என்று கேட்டுப் பழகியவர் புண்ணைத் தேடுவார். 'சத்தி' வாந்தி, 'குளிசை' மாத்திரை, 'முட்டு' இளைப்பு. முன்பின் பழகாதவருக்கு ஒவ்வொன்றும் ஒரு தடங்கல். நல்ல தாதி பதிவேட்டில் 'இலங்கைத் தமிழ் விருப்பம்' என்று குறித்துவைப்பார். ஒவ்வொரு முறையும் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை, ஆனாலும் குறித்திருந்தால் கேட்க முடிகிறது. மொழிபெயர்ப்பாளர் தடுமாறுவதாகத் தெரிந்தால் நிறுத்தி, அந்த உறுப்பைத் தொட்டுக் காட்டி, வேறு சொல்லில் சொல்லுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

நமது சமூகம் சின்னது; கோவிலில் பார்க்கும் முகம் கிளினிக் அறையிலும் வந்து உட்காரலாம். அப்படிப் பயம் இருந்தால் நேரில் வேண்டாம், வேறு மாநிலத்தில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் போதும், என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்கலாம். பெண்கள் பெண் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். பத்து வயதுப் பிள்ளையைக் கொண்டு அம்மாவின் கர்ப்பப்பை விஷயத்தை மொழிபெயர்க்கவைப்பதை மட்டும் எந்த அவசரத்திலும் ஏற்கக் கூடாது. டொக்டர் "பரவாயில்லை, மகள் இருக்கிறாள்தானே" என்றாலும்.

இரத்தப் பரிசோதனைப் பட்டியல் நீளமானது. எத்தனை குப்பி எடுக்கிறார்கள் என்று பார்த்துப் பயப்படவேண்டாம். இரத்தச் சோகை, இரும்பு, விட்டமின் டி, ஹெபடைடிஸ் பி, எச்ஐவி, காசநோய் என்று போகும். ஹெபடைடிஸ் பி-க்கு மூன்று பரிசோதனையும் சேர்ந்து வரவேண்டும்: இப்போது கிருமி இருக்கிறதா, முன்பு வந்து போனதா, தடுப்பு இருக்கிறதா. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு 'நோர்மல்' என்று சொன்னால் வேலை பாதியில் நிற்கிறது.

அந்தப் பட்டியலில் சாதாரண கிளினிக்குகள் கோட்டைவிடுவது ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற புழு. வெறுங்காலோடு மண்ணில் நடக்கும்போது தோல் வழியாக ஏறும். மற்றக் குடற்புழுக்கள் சில வருடத்தில் செத்துப்போகும். இது உடம்புக்குள்ளேயே தன்னைப் பெருக்கிக்கொண்டு பத்து, இருபது, முப்பது வருடம் சத்தமில்லாமல் இருக்கும். அடையாளமாக இரத்தத்தில் இயோசினோபில் என்ற வெள்ளை அணு கொஞ்சம் கூடியிருக்கலாம், அவ்வளவுதான். ஆபத்து எங்கே என்றால், 'முட்டு' என்று போனவருக்கு அவசரப் பிரிவில் பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொய்ட் கொடுப்பார்கள். ஸ்டீரொய்ட் தடுப்பாற்றலைக் குறைத்தால் புழு உடம்பு முழுக்கப் பரவக்கூடும். உயிர் போகும் அளவுக்குப் போகலாம். ஆகவே ஊரில் வளர்ந்தவருக்கு ஸ்டீரொய்ட் கொடுக்குமுன் இந்தப் பரிசோதனை வேண்டும்.

வைத்தியம் எளிது. கோவிட் காலத்தில் வம்புக்கு இழுக்கப்பட்ட அதே ஐவர்மெக்டின்தான், இங்கே உண்மையாகவே வேலை செய்கிறது. அளவு, கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். 60 கிலோ ஆள் என்றால் 12 மில்லிகிராம், அதாவது 3 மில்லிகிராம் குளிசை நான்கு, ஒரே தடவையில். கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால் நன்றாகச் சேரும். ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் அதே அளவு மறுபடியும். கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் இது வழக்கமாகக் கொடுப்பதில்லை. நடைமுறையில் தவறிப்போவது இரண்டாவது தடவைதான்: முதல் நான்கை விழுங்கியவர் சுகமாகிவிட்டதென்று மிச்சத்தை அலுமாரியில் வைத்துவிடுகிறார். 6 மாதத்திலும் 12 மாதத்திலும் மறுபடி இரத்தம் பார்க்கவேண்டும். அந்தத் தேதியை நினைவில் வைத்து அழைப்பதைத் தாதியிடம் ஒப்படைத்துவிடலாம். ஜீபி மாறிக்கொண்டே இருக்கும் கிளினிக்கில் யார் நினைவில் வைப்பது?

செல் துண்டு பற்றி ஒன்று. எம்ஆர்ஐ இயந்திரம் பெரிய காந்தம். உடம்பில் உலோகத் துண்டு இருப்பவர் முதலில் எக்ஸ்ரே எடுத்து, துண்டு எங்கே, என்ன அளவு என்று காட்டாமல் அதற்குள் போகக் கூடாது. கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ பக்கத்தில் இருந்தால் இன்னும் கவனம். எம்ஆர்ஐ படிவத்தில் 'உடம்பில் உலோகம் உண்டா' என்ற கேள்வி ஆங்கிலத்தில் இருக்கும்; வன்னியிலிருந்து வந்த பலர் 'இல்லை' என்று அடையாளமிடுவது, கேள்வி புரியாமலும், 'ஆம்' என்றால் எங்கே எப்படிப் பட்டது என்று விசாரணை வருமோ என்ற பயத்திலும். கோப்பின் முதல் பக்கத்திலேயே இது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

தடுப்பூசி சிக்கலில்லாமல் நடக்கிறது. பதிவு இல்லாத பெரியவருக்கு முதலிலிருந்து தொடங்குவார்கள், கட்டணம் இல்லை, மாதக் கணக்கில் மூன்று நான்கு தடவை போய்வரவேண்டும்.

மனநலம். மெடிகெயாரின் மனநலத் திட்டத்தில் வருடத்துக்கு 10 தனி அமர்வுகள். சித்திரவதையை அனுபவித்தவருக்கு அந்தப் பத்தில் பாதி, அறைக் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பழகவே போய்விடும். ஆகவே 1987-இல் தொடங்கிய ஃபவுண்டேஷன் ஹவுஸுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சித்திரவதையிலும் போரிலும் தப்பியவர்களுக்கென்றே இயங்கும் நிறுவனம், இலவசம், மெடிகெயாரின் பத்துக் கணக்கு அங்கே செல்லாது. காத்திருப்பு உண்டு. காத்திருக்கும் காலத்தில் நித்திரைக்கும் நெஞ்சுப் படபடப்புக்கும் ஜீபியே ஆரம்பிக்கலாம். கெட்ட கனவுக்குப் பிராசோசின் எழுதினால் முதல் சில இரவுகளில் படுக்கையிலிருந்து மெதுவாக எழும்பவேண்டும். பிரஷர் மருந்து அது, சட்டென்று எழும்பினால் விழுத்திவிடும். ஏற்கெனவே பிரஷர் குளிசை எடுப்பவர் அதையும் சொல்லவேண்டும். மன உளைச்சலை அளக்கும் கே-10 போன்ற வினாத்தாள் புள்ளியை மட்டும் வைத்து நம்மவர்களை அளப்பது சரிவராது. 'கடந்த நாலு வாரத்தில் எத்தனை தடவை நம்பிக்கை இழந்தீர்கள்' என்றால் 'அப்படி ஒன்றும் இல்லை' என்பார். தலையிடி, உடம்பு எரிவு, நெஞ்சுக்குள் பாரம் என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்.

இனி, இந்த ஏற்பாடு கைவிடும் இடம். பிரிட்ஜிங் விசாவில் (முடிவு வரும்வரை தரும் தற்காலிக விசா) வேலை உரிமை இருந்தால் பொதுவாக நீல நிற இடைக்கால மெடிகெயார் அட்டை கிடைக்கும். அதன் ஆயுள் விசாவோடு கட்டப்பட்டது. விசா புதுப்பிக்கத் தாமதமானால் அட்டை செத்துவிடும், மருந்துக்கடைக் கவுன்டரில்தான் அது தெரியவரும். விசா முடிய ஆறு வாரம் இருக்கும்போதே தாதிக்கும் வழக்கறிஞருக்கும் சொல்லி, இருக்கும் மருந்துச் சீட்டை அட்டை உயிரோடு இருக்கும்போதே நிரப்பிவிடுங்கள்.

அட்டை இருந்தாலும் மருந்து விலை வேறு கதை. சலுகை அட்டை வைத்திருப்பவர் ஒரு மருந்துக்கு 7.70 டொலர் கட்டுகிறார். பிரிட்ஜிங் விசாக்காரருக்கு அந்தச் சலுகை அட்டை கிடைப்பதில்லை. பொது விலைதான், 2026 ஜனவரியிலிருந்து ஒரு மருந்துக்கு அதிகபட்சம் 25 டொலர். ஐந்து மருந்து என்றால் 38.50-க்குப் பதிலாக 125 வரை. உழைக்காதவர் இதில் எதை விடுவார்? வலி தராத பிரஷர் குளிசையைத்தான். இதற்கு மூன்று வழி: பல பழைய மருந்துகளின் உண்மை விலையே 25-க்குக் கீழே, ஆகவே பிராண்ட் பெயர் கேட்காதீர்கள், விலை குறைந்த மருந்துக்கடையை ஒப்பிட்டுப் பாருங்கள், 60 நாள் சீட்டு எழுதச் சொல்லி டொக்டரிடம் கேளுங்கள், ஒரே கட்டணத்தில் இரண்டு மாத மருந்து. கடைசி வழி பலருக்குத் தெரிவதே இல்லை. மெடிகெயாரே இல்லாதவர் முழு விலை கட்டவேண்டியவர். அவருக்கு ஃபுட்ஸ்கிரேயில் இருக்கும் அசைலம் சீக்கர் ரிசோர்ஸ் சென்டர் போன்ற தொண்டு நிறுவனங்களைத் தாதி தொடர்புபடுத்துவார்.

வைத்தியசாலை விஷயத்தில் விக்டோரியா மற்றப் பல இடங்களைவிடப் பெருந்தன்மையானது. மெடிகெயார் இல்லாத அகதிக் கோரிக்கையாளருக்கும் அரசு வைத்தியசாலை இலவசம், அம்புலன்ஸும் இலவசம். ஆனால் பதிவு மேசையில் இருப்பவருக்கு இந்த விதி தெரியாமல் இருக்கலாம். 'மெடிகெயார் இல்லை' என்று மட்டும் சொன்னால் வெளிநாட்டுப் பயணி என்று பதிந்து, ஆயிரக்கணக்கில் பில் வரும். 'அகதி அந்தஸ்துக் கோரியவர்' என்று சொல்லி விசாக் கடிதத்தைக் காட்டவேண்டும். பில் வந்துவிட்டால் ஒளித்துவைக்காமல் தாதியிடம் கொண்டுபோனால் இரத்துச் செய்ய வழி உண்டு.

நிபுணருக்கான காத்திருப்புப் பட்டியலில் பெயர் தொலைவதற்கு இரண்டு காரணம். வீடு மாறியவர் வைத்தியசாலைக்குச் சொல்லாதது ஒன்று. கடிதம் பழைய வீட்டுக்குப் போகும், வரவில்லை என்று பெயரை வெட்டிவிடுவார்கள். மற்றது தொலைபேசி. வைத்தியசாலை அழைப்புகள் பெரும்பாலும் இலக்கம் காட்டாமல் வரும். தடுப்பு முகாமும் விசாரணையும் கண்டவர் தெரியாத அழைப்பை எடுக்கப் பயப்படுவார். தாதியின் இலக்கத்தை இரண்டாவது தொடர்பாகக் கொடுத்துவைத்தால் அழைப்பு அங்கே போகும். ஜீபி எழுதும் பரிந்துரைக் கடிதம் வழக்கமாக 12 மாதம் செல்லும். அதற்குமேல் காத்திருந்தால் புதியது வேண்டும்.

பல் வைத்தியத்துக்குத்தான் அதிக புள்ளி. அரசுப் பல் கிளினிக்குகளில் அகதிகளுக்கும் கோரிக்கையாளருக்கும் கட்டணம் இல்லை, பொதுவான காத்திருப்புப் பட்டியலைத் தாண்டி முன்னுரிமை. ஆனால் முகத்தில் வெளிச்சம் அடித்து, மல்லாக்கப் படுக்கவைத்து, வாய்க்குள் கருவி போடுவது விசாரணை அறையை நினைவுபடுத்தும். கதிரையை அரைவாசிக்கு மேல் சாய்க்க வேண்டாம் என்று கேளுங்கள், வெளிச்சத்துக்குக் கறுப்புக் கண்ணாடி கேளுங்கள், கை உயர்த்தினால் உடனே நிறுத்தவேண்டும் என்று தொடங்குமுன்னரே பேசி வையுங்கள். தாதி முன்கூட்டியே ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தால் இதை நீங்கள் சொல்லவே வேண்டியிருக்காது.