செட்டில்மென்ட் கம்பெனில சேர பத்து நிமிஷம், வெளிய வர ரெண்டு மாசம்

ஒன்றரை ஸ்டார். அந்த அரை ஸ்டாரும் கஸ்டமர் கேர்ல கடைசியா பேசின அந்த பொண்ணுக்காக. நம்ம கடன பேங்க் கிட்ட பேசி குறைச்சு முடிச்சு தரோம்னு சொல்ற கம்பெனி இது, பேர போடல, போட்டா மறுபடி கால் பண்ணி உயிர எடுப்பாங்க.

மூணு கிரெடிட் கார்டு, ஒரு பர்சனல் லோன், மினிமம் மட்டும் கட்டி கட்டி அசல் அசையவே இல்ல. சரியா அந்த நேரத்துல தான் இவங்க கால் வந்துச்சு. "இனிமே பேங்குக்கு எதுவும் கட்டாதீங்க சார், நாங்க சொல்ற அக்கவுன்ட்ல மாசாமாசம் போட்டுட்டு வாங்க, சேர்ந்ததும் பேசி பாதிக்கு முடிச்சு தரோம்"னாங்க. ஓடிபி, கையெழுத்து எல்லாமே போன்லயே முடிஞ்சுது. அக்ரிமென்ட்ட நான் உக்காந்து படிச்சது ஏழாவது மாசம், அது என் தப்பு தான், மறுக்கல.

ஆனா அவங்க வாயே திறக்காத விஷயம் இருக்கே. நாம கட்டாம நிறுத்தினா பேங்க் சும்மா இருக்குமா, லேட் ஃபீ, வட்டி மேல வட்டி, ரெகவரி ஏஜென்ட் கால், கேஸ் கூட போடலாம், இவங்க கூட பேசியே ஆகணும்னு பேங்குக்கு எந்த கட்டாயமும் கிடையாது. அப்புறம் ஃபீஸ் கணக்கு. 100 கடன்னு வச்சுக்கோங்க, கட்டாம விட்டதுல அது 120 ஆயிடும், அத பாதியாக்கி 60க்கு முடிச்சோம்னு பெருமையா சொல்வாங்க, ஃபீஸ் 20 சதவீதம்னா அது மிச்சமான காசுல இல்ல, சேரும்போது இருந்த 100ல. ஆக கையவிட்டு போறது 80. அதுக்கப்புறம் கிரெடிட் ரிப்போர்ட்ல "முழுசா கட்டி முடிச்சார்"னு வராது, "செட்டில்ட்"னு தான் வரும், அடுத்த லோன் கேட்டு போனா அத தான் முதல்ல பாப்பாங்க.

ஒரு கார்டு முடிச்சு குடுத்தாங்க, அத மறைக்க விரும்பல. மீதி மூணும் அப்படியே கிடந்துச்சு, அதான் வெளிய வர முடிவு பண்ணேன்.

போன்ல கேன்சல்னு சொன்னா "ரெண்டே மாசம் பொறுங்க சார், பேங்க் இறங்கி வருது"ம்பாங்க, நாலு தடவை கேட்டேன் இதே டயலாக். அப்புறம் தான் மெயில்லயும் ரிஜிஸ்டர் போஸ்ட்லயும் எழுதி அனுப்பினேன், எந்த தேதிலருந்து ரத்து, இதுவரைக்கும் கட்டினதுக்கு கணக்கு வேணும், அக்கவுன்ட்ல இருக்குற மிச்சத்த திருப்பி அனுப்புங்க, என் சார்பா பேச குடுத்த அனுமதிய வாபஸ் வாங்குறேன்னு. அந்த கடைசி வரி ரொம்ப முக்கியம், ஏன்னா அதோட காப்பிய அனுப்புற வரைக்கும் பேங்க்ல "உங்க ஏஜென்ட் கிட்ட பேசுங்க"ன்னே சொல்லிட்டு இருந்தாங்க. ஆட்டோ டெபிட்ட நாமளே பேங்க்ல நிறுத்தணும், அவங்க நிறுத்துவாங்கன்னு நம்பினேன், அடுத்த மாசமும் காசு போயிடுச்சு. இன்னொண்ணு, ஏதாவது கார்டு தவணைல செட்டில் ஆகிட்டு இருந்தா அந்த தவணை முடியுற வரைக்கும் கைய வைக்காதீங்க, நடுவுல ஒண்ணு தவறினா பேசின டீல் போயி பழைய பாக்கி மொத்தமும் திரும்ப தலைமேல வந்துடலாம்.

அமெரிக்கால போன்ல ஆள் பிடிக்கிற செட்டில்மென்ட் கம்பெனிங்களுக்கு 2010ல ஒரு ரூல் கொண்டு வந்தாங்க, கடன முடிச்சு தராம ஃபீஸ் வாங்கக்கூடாது, எப்ப வேணா பெனால்டி இல்லாம விலகலாம், கேட்ட 7 வேலை நாள்ல நம்ம காசு திரும்ப வரணும். நான் கையெழுத்து போட்டதுல அப்படி ஒரு வரி கூட இல்ல, "ப்ராசஸிங் டைம்"னு மட்டும் இருந்துச்சு, எத்தன நாள்னு இல்ல.

காசு வந்துச்சு, அஞ்சு வாரம் கழிச்சு, "மெயின்டனன்ஸ் சார்ஜ்"னு ஒண்ண பிடிச்சிட்டு. அது அக்ரிமென்ட்ல எந்த பக்கத்துல இருக்குன்னு கேட்டேன். அந்த பொண்ணு தேடி பாத்துட்டு, "இல்ல சார், எனக்கும் கிடைக்கல, கம்ப்ளைன்ட்டா போட்டு விடறேன்"னு நேர்மையா சொல்லுச்சு. கம்ப்ளைன்ட் நம்பர் வந்துச்சு, பதில் இன்னும் வரல. இதுக்கு நடுவுல ரெண்டாவது கார்டுக்காரன் கிட்ட நானே பேசினேன், ஒரே கால்ல வட்டிய குறைச்சு தவணையா மாத்தி குடுத்துட்டான்.