ஜெர்மனி வேலைக்குக் குடிபெயர: மொத்தத் தொகையா, ரசீதுக்குப் பணமா?

ஜெர்மனியில் வேலை உறுதியானதும் நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்லும்: குடிபெயர ஒரு மொத்தத் தொகை, அல்லது ரசீது கொடுத்தால் செலவு திரும்ப.

மொத்தத் தொகை கேட்க இனிக்கும். ஆனால் வழக்கமாக அது சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். கடிதத்தில் 3,000 யூரோ என்றிருந்தால் கைக்கு வருவது கணிசமாகக் குறையும். வரிக்கு முன்பா, பின்பா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் சம்பளத்தோடுதான் வரும் என்றால் டிக்கெட் வாங்க அது உதவாது.

ரசீது வழியில், வேலைக்காக இடம் மாறும் செலவை நிறுவனம் ஈடுசெய்தால் சட்ட வரம்புக்குள் வரி இல்லை. டிக்கெட், சாமான் அனுப்பும் கூலி வரிப் பிடித்தம் இல்லாமல் திரும்பும். ஆனால் முதலில் நம் கைக்காசு போக வேண்டும். அதனால் டிக்கெட்டை நிறுவனமே நேரடியாக எடுத்துத் தருமா என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

வீட்டு முன்பணம் தனி. அடிப்படை வாடகையில் மூன்று மாதம் வரை கேட்கலாம். அதை மூன்று மாதத் தவணையாகக் கட்ட அங்கே சட்டமே இடம் தருகிறது. இது தெரிந்தால் நகையை அவசரமாக அடகு வைக்க வேண்டியிருக்காது. சமையலறை மேடை, அடுப்பு இல்லாத வீடுகளும் நிறைய, அதற்கும் பணம் ஒதுக்குங்கள்.

இரண்டு பெட்டியோடு தனியாகப் போகிறவருக்கு மொத்தத் தொகை சரி. குடும்பத்தோடு போனால் ரசீது வழிதான் என் தேர்வு. எதுவானாலும், சீக்கிரம் வேலையை விட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா என்ற விதியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.